வலது காதில் வீடு

ஐப்பசி 1, சனி

கட்டுரையை அனுப்பியாயிற்று. மகள் பூங்கொடி விட்டுப்போன பழைய லேப்டாப்பில் இரண்டு விரலால் தட்டி முடிப்பதற்குள் கழுத்து பிடித்துக்கொண்டது. அனுப்பிய பிறகு, போய்விட்டதா என்று திறந்து பார்த்தேன். முறுக்கு மாவைப் பிசைந்து வைத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்து மறுபடி பார்த்தேன். போயிருக்கிறது.

‘பண்முற்றம்’ பத்திரிகையில் இது எனக்கு எட்டாவது வருடம். ஜாஸ் இசைக்குத் தமிழில் மாதாமாதம் மதிப்புரை எழுதும் கோவை வடவள்ளிக் குடும்பத்தலைவி துளசிமணி என்று ஆசிரியர் சொக்கலிங்கம் ஒரு தடவை அடிக்குறிப்பு போட்டார். என் வீட்டுக்காரர் அதைப் படித்துவிட்டு, “சமையல் குறிப்புப் பக்கத்துல போட வேண்டியத மாத்திப் போட்டுட்டானுங்களா மணி?” என்று கேட்டார். இவருக்கு எப்போதும் கேலிதான். மனதில் ஒன்றும் கிடையாது.

குன்னூரில் இவர் தேயிலை ஏல ஆபீஸில் வேலை பார்த்தபோது, நாங்கள் குடியிருந்த வீட்டின் அலமாரியில் யாரோ விட்டுப்போன ஒரு பெட்டி கேசட் கிடந்தது. அதில் தொடங்கியதுதான். யாரிடமும் கற்றுக்கொள்ளவில்லை. எல்லோரும் சேர்ந்து ஒரு மெட்டைச் சொல்கிறார்கள், பிறகு ஆளுக்கொரு பாதையில் போகிறார்கள், கடைசியில் வாசலுக்கு வந்து சேர்கிறார்கள். இவ்வளவு பிடிபடவே எனக்கு இரண்டு மழைக்காலம் ஆனது.

இந்த மாதம் இரண்டு ஆல்பம். சென்னை பெர்க்மான்ஸ் ராயன் சாக்ஸபோன் வாசித்த ‘துறைமுக விளக்கு’. அவருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. எத்தனையோ வருடமாக அவரைக் கேட்கிறேன். இன்னொன்று செல்வமீனா என்ற புதுப் பெண்ணின் பியானோ, ‘வெயில் நிலையம்’. அவளுக்கு அதுதான் முதல் ஆல்பம். ஆசிரியர் எப்போதும் பென்டிரைவில் பாட்டை மட்டும்தான் அனுப்புவார். கூட வாசித்தவர் யார், பதிவு செய்தவர் யார் என்று ஒரு விவரமும் இருக்காது. பெயரைப் பார்த்து மார்க் போடக் கூடாது என்பது அவருடைய சட்டம். இந்தத் தடவை அவரே சட்டத்தை மீறிப் போனில் ஒன்றைச் சொல்லிவிட்டார்.

“அம்மா, இதச் சொல்லக்கூடாதுதான். அந்தப் பொண்ணோட அப்பா சாத்தூர்ல சேவுக்கடை வச்சிருக்காரு. இங்கிலீசு பேப்பர்ல நாலு வரி வந்துச்சு, அவருக்குப் படிக்கத் தெரியாது. தமிழ்ல எழுதுறது நம்ம ஒரு ஆளுதான். இந்த இதழ்ல நல்லபடியா வந்தா மேற்கொண்டு வாசிக்கலாம், இல்லேன்னா ஊருக்கு வந்து கல்லாவுல உக்காரணும்னு சொல்லிட்டாராம். அதுக்காக நீங்க பொய் எழுதிறாதீக.”

நான் பொய் எழுதவில்லை. ராயனுக்கு ஆறு பத்தி எழுதினேன். தாழ்ந்த ஸ்வரத்துக்குப் போகும் முன் அவர் எடுக்கும் மூச்சைப் பற்றியே ஒரு பத்தி. சூடான காபியை ஊதுவதுபோல ஒரு சின்ன மூச்சு. அந்தப் பெண்ணுக்கு இரண்டு பத்தி. ‘விரல்களில் திறமை இருக்கிறது. ஆனால் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு நெடுநேரம் சும்மா நிற்கிறார். பதிலுக்குக் காத்திருக்கிறார் போலும். பதில் வருவதில்லை. எதிரில் யாருமில்லாத பேச்சாக முடிகிறது. இவர் இன்னும் சில வருடம் வீட்டிலிருந்து பழகிய பிறகு மேடைக்கு வரலாம்.’

மூன்று தடவை கேட்ட பிறகுதான் எழுதினேன். காதில் விழுந்ததைத்தான் எழுதினேன். பிறகு ஏன் இரண்டு ஈடு முறுக்கு கருகியது என்று தெரியவில்லை.

ஐப்பசி 3, திங்கள். தீபாவளி

எண்ணெய்க் குளியல், கோயில், பலகாரம் பங்கிட்டது எல்லாம் ஒழுங்காக நடந்தது. பூங்கொடியும் மாப்பிள்ளையும் ஓசூரிலிருந்து வரவில்லை. லீவு இல்லையாம்.

‘வீட்டிலிருந்து பழகிய பிறகு’ என்ற வரியை மாத்திரம் எடுத்திருக்கலாம்.

ஐப்பசி 5, புதன்

மருதமலைக்குப் போய்ச் சஷ்டிக் காப்பு கட்டிக்கொண்டேன். ஒருவேளை பாலும் பழமும் வழக்கம்தான். இந்த வருடம் மௌனமும் சேர்த்து வேண்டியிருக்கிறேன். பூங்கொடிக்குக் கல்யாணமாகி ஏழு வருடம் ஆகிறது. எத்தனை ஆஸ்பத்திரி, எத்தனை ஊசி. முருகனிடம் வேறு என்ன கேட்கப்போகிறேன். சூரசம்ஹாரம் முடிந்து, மறுநாள் திருக்கல்யாணம் பார்த்த பிறகுதான் வாயைத் திறப்பேன். நடுவில் ஒரு சொல் வெளியே வந்தாலும் வேண்டுதல் செல்லாது. இது எந்தப் புத்தகத்திலும் இல்லை. படியேறும்போது நானே சொல்லிக்கொண்டது. சொன்ன பிறகு கேட்டவருக்கும் சொன்னவருக்கும் அது கணக்குதானே.

கடைசியாகப் பேசியது இவரிடம். “கேஸ் சொல்லி வெச்சிருக்கறனுங்க, சிலிண்டர் வந்தா வாங்கி வைங்க.”

“ஆகட்டும். ஆறு நாளைக்கி இந்த ஊட்டுல நான் மட்டுந்தான் பேசோணும். குறுக்க ஆரும் பேசாம இருந்தாச் செரி” என்றார்.

ஐப்பசி 6, வியாழன்

பேசவில்லை. பசிக்கவும் இல்லை. சிலிண்டர் வந்தது.

ஐப்பசி 7, வெள்ளி

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்த வரிசையில் எழுதிவிடுகிறேன்.

விரத நாளில் சினிமாப் பாட்டு கேட்கக் கூடாது. ஜாஸ் சினிமாப் பாட்டு இல்லை. அந்தப் பெண்ணின் நான்காவது பாட்டின் பெயரைச் சரியாகக் குறித்தேனா என்று பார்ப்பதற்காக மட்டும்தான் இன்று எடுத்தேன்.

மௌனம் தொடங்கியதிலிருந்து ஒன்றைக் கவனித்தேன். பதில் வராது என்பதால் இவர் என்னைக் கூப்பிடுவதே இல்லை. சட்டை எங்கே என்று இவரே தேடுகிறார். கிடைத்தும் விடுகிறது. மத்தியானம் வீடு அவ்வளவு அமைதியாக இருந்தது. நான் அறையில் உட்கார்ந்து இயர்போனை எடுத்தேன். எப்போதும் இடது குமிழை மட்டும்தான் மாட்டுவேன். வலது காது வீட்டுக்கு. குக்கர், வாசல் மணி, தண்ணீர் மோட்டார், இவர் கூப்பிடுவது. யாரும் இப்படி இரு என்று சொல்லவில்லை, அப்படியே பழகிவிட்டது. வலது குமிழ் எட்டு வருடமாக என் தோளுக்கு முன்னால் தொங்கிக்கொண்டேதான் இருக்கிறது. அறுந்துபோய்ப் புது வயர் வாங்கினாலும் அப்படித்தான்.

இன்று யாரும் கூப்பிடப் போவதில்லை. வலதையும் மாட்டினேன்.

இடது காதில் பியானோ கேள்வியைக் கேட்டது. நிறுத்தியது. நெடுநேரம் சும்மா நிற்கிறார் என்று நான் எழுதின இடம். வலது காதில் ஒரு மூச்சு. சூடான காபியை ஊதுகிற மூச்சு. பிறகு சாக்ஸபோன்.

அந்த மூச்சு யாருடையது என்று எனக்குத் தெரியாதா? அதற்கு ஒரு பத்தி எழுதினவள் நான். பெர்க்மான்ஸ் ராயன் அந்தப் பெண்ணின் ஆல்பம் முழுவதும் கூடவே வாசித்திருக்கிறார். பழைய காலத்துப் பதிவு முறையில் ஆளுக்கு ஒரு பக்கமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். இடதில் அவள், வலதில் அவர். ஒருவர் சத்தம் மற்றவர் பக்கம் ஒரு துளி சிந்தவில்லை. மற்ற ஆல்பங்களில் எல்லா வாத்தியமும் இரண்டு பக்கமும் கலந்தே வரும். அதனால் எட்டு வருடமாக என் வண்டி ஓடியது.

ஏழு பாட்டையும் கேட்டேன். அவள் எங்கும் சும்மா நிற்கவில்லை. கேட்டுவிட்டு இடம் விடுகிறாள். அவர் சொல்கிறார். அவர் சொன்னதில் கடைசி இரண்டு சொல்லை எடுத்து அவள் புதிதாக ஒன்று கேட்கிறாள். கிழவர் ஒரு இடத்தில் தடுமாறுகிறார், இவள் சட்டென்று கீழே ஒரு சுருதியை வைத்துத் தாங்கிக்கொள்கிறாள். பதில் வருவதில்லை என்று எழுதினேனே. பதில் வந்துகொண்டேதான் இருந்திருக்கிறது. என் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்தத் தகப்பனார் சேவுக்கடையில் உட்கார்ந்து என் இரண்டு பத்தியைப் படிக்கப்போகிறார். ‘எதிரில் யாருமில்லாத பேச்சு.’ முருகா.

ஐப்பசி 8, சனி

விடியும் முன்பே ஆசிரியருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். பிரயோஜனம் இல்லை. அவர் மதுரையில் பக்கம் அமைக்கும் டி.டி.பி. கடைக்குப் போகிறபோதுதான் அதைப் பார்ப்பார், கட்டுரைகளை ஏற்கெனவே எடுத்துப்போயாயிற்று. அவரிடம் இருப்பது பட்டன் போன். அதில் வரும் குறுஞ்செய்தியைத் திறக்கத் தெரியாது. “எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி இருக்கும்மா, கூப்பிட்டுப் பேசிருங்க” என்பார். கூப்பிட்டுப் பேசத்தான் முடியாதே.

ஒரு தாளில் எழுதி இவரிடம் நீட்டினேன். ‘கட்டுரை தப்பு. அச்சில் போட வேண்டாம் என்று ஆசிரியரிடம் சொல்லுங்கள். நான் ஒரு காதில்தான் கேட்டேன். அந்தப் பெண் நன்றாக வாசித்திருக்கிறாள்.’

இவர் இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

“ஒரு காதுலன்னா? எட்டு வருசமாவா?”

தலையாட்டினேன்.

சிரிக்க ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். “இத வெளிய சொன்னா சிரிப்பானுங்க மணி. எட்டு வருசமும் இப்பிடித்தான் எழுதுனாளான்னு கேப்பான். மானம் போயிரும்.”

நான் தாளில் ‘சொல்லுங்கள்’ என்பதற்குக் கீழே கோடு போட்டேன். இவர் போனை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் வந்தார்.

“சொல்லியாச்சு. நீ நிம்மதியாச் சாமியக் கும்புடு.”

என்ன சொன்னார் என்று எழுதிக் காட்டினேன். “செரின்னுட்டாரு.” கோபித்துக்கொண்டாரா என்று எழுதினேன். “அட, அதெல்லாம் இல்ல. அடுத்த மாசம் பாத்துக்கலாம்னாரு.” டி.வி.யைப் போட்டார்.

சொக்கலிங்கம் ஒரு சொல்லோடு போனை வைத்து நான் பார்த்ததில்லை. இட்லி ஆறிப்போகும் வரை பேசுவார். அவசரமாக இருந்திருப்பார்.

சாயங்காலம் பூங்கொடி கூப்பிட்டாள். இவர் போனை என் காதில் வைத்துவிட்டுப் போனார்.

“அம்மா, பேச மாட்டேன்னு அப்பா சொன்னாங்க. ஒரு தட்டுத் தட்டுனா ஆமா, ரெண்டு தட்டுனா இல்ல. செரியா?”

ஒரு தட்டு.

“பால் பழம் மட்டுமா? தல சுத்துதா?”

இரண்டு தட்டு.

“எனக்காகத்தான் இருக்கறியா?”

ஒரு தட்டு. லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

“வேண்டாம்மா” என்றாள்.

இரண்டு தட்டினேன். பலமாகவே தட்டினேன்.

“செரி. ஒடம்பப் பாத்துக்க. வெச்சர்றேன்.”

பாவம், எனக்குக் கஷ்டமென்று நினைக்கிறாள்.

ஐப்பசி 9, ஞாயிறு

இவர் சொல்லிவிட்டார். ஆசிரியர் சரி என்றுவிட்டார். பாத்திரம் துலக்கும்போது இதையே சொல்லிக்கொண்டிருந்தேன். மனதுக்குள்தான்.

ஆனால் கட்டுரை வராமல் போனாலும் அந்தப் பெண்ணுக்கு என்ன லாபம்? தகப்பனார் பக்கத்தைப் புரட்டுவார். மகள் பேரே இருக்காது. பேர் இல்லாத இதழும் கெட்ட பேர் வந்த இதழும் அவருக்கு ஒன்றாகத்தான் இருக்கும். அடுத்த மாதம் அவள் கல்லாவில் உட்கார்ந்து சில்லறை கொடுத்துக்கொண்டிருப்பாள்.

சஷ்டி கவசத்தை மனதுக்குள் சொல்ல உட்கார்ந்தால் நாலாவது வரியில் பியானோ வருகிறது. திரும்ப முதலிலிருந்து. திரும்ப நாலாவது வரி.

ஐப்பசி 10, திங்கள். சூரசம்ஹாரம்

காலையில் என் போன் அடித்தது. இவர் எடுத்தார். இவருக்கு எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேச வரும். நான் பூ கட்டிக்கொண்டிருந்தேன்.

“ஆறுச்சாமி சாருங்களா? சொக்கலிங்கம். அம்மா இன்னும் மௌனந்தானா?”

“ஆமாங்க. நாளைக்கித்தான் முடியும்.”

“நல்லது நல்லது. ஒண்ணுமில்ல, கட்டுரைக்குத் தலைப்ப மாத்தியிருக்கேன், கேட்டுச் சொல்லுங்க. ‘எதிரில் யாருமில்லாத பியானோ.’ அம்மா எழுதுன வரிதான். என்னா வரி சார்! அட்டையிலயே போடுறேன். மத்தியானம் அச்சுக்குப் போகுது.”

பூவும் நாரும் என் மடியில் கிடந்தன. நான் இவரைப் பார்த்தேன். இவர் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நல்லாத்தானுங்க இருக்குது” என்றார்.

நான் தாளில் எழுதிக் காட்டினதை இவர் மறந்திருக்கலாம். வயதாகிறது. அப்படித்தான் நினைத்தேன், அந்த நேரத்தில் அதற்கு மேல் நினைக்கவும் முடியவில்லை. சுவரில் முருகன் படம். ஓசூரில் என் பெண். சாத்தூரில் யாரோ பெற்ற பெண். இன்னும் ஒரே ஒரு பகல் பாக்கி.

“வேண்டாமுங்க” என்றேன்.

என் குரல் எனக்கே தெரியவில்லை. துரு ஏறிய தாழ்ப்பாள் மாதிரி இருந்தது.

“யாரு?”

“துளசிமணிங்க.”

“அம்மா! மௌனம்னு இப்பத்தானே சார் சொன்னாரு.”

“அது போச்சுங்க. அந்தக் கட்டுரையப் போடாதீங்க. நான் பாதிதானுங்க கேட்டேன். எடது பக்கம் மட்டும். வலது பக்கத்துல ராயன் வாசிக்கறார். அந்தப் பொண்ணு தனியா வாசிக்கல.”

“ராயன் வாசிச்சிருக்காருன்னு எனக்குத் தெரியுமேம்மா. ஆல்பத்தோட அட்டையில போட்டிருக்கே. நீங்க வேணும்னே அவரு பேரச் சொல்லாம, அவரு பதில் பத்தலைன்னு பூடகமா எழுதியிருக்கீகன்னு நெனச்சேன். அதத்தான் பிரமாதம்னேன்.”

எனக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது.

“முந்தாநாள் சார் பேசுனப்போ, எல்லாஞ் சரியா இருக்குன்னு அம்மா எழுதிக் காட்டுனாகன்னாரே?”

“அவருக்கு மறந்திருக்குமுங்க” என்றேன். இவர் எழுந்து சமையலறைக்குப் போனார்.

“சரி, தூக்கிருவோம். அந்த இடத்துல ஒரு நகைக்கடை விளம்பரம் நிக்குது, அதப் போட்டுர்றேன். அடுத்த மாசம் நிதானமா எழுதுங்க.”

“அந்தப் பொண்ணோட அப்பா இந்த இதழத்தானுங்களே பாப்பார்.”

“அதுக்கு?”

“இப்பச் சொல்றேன். நீங்க எழுதிக்குங்க.”

“நானா?”

“நீங்கதானுங்க.”

பேனா தேடுகிற சத்தம் கேட்டது. “அதே நீளத்துக்கு வரணும்மா. ஒரு வரி கூடுனாலும் பக்கம் இடிக்கும். மெதுவாச் சொல்லுங்க, எனக்குக் கை நடுக்கம்.”

சொன்னேன். எழுதிவைத்ததைப் படிக்கவில்லை. எழுதியே வைக்கவில்லை. இப்போது நினைவிலிருந்து எழுதுகிறேன்.

‘இந்த ஆல்பத்தை நான் முதலில் தவறாகக் கேட்டேன். இடது காதில் பியானோ இருந்தது, வலது காதில் வீடு இருந்தது. அதனால் செல்வமீனா தனியாகப் பேசுகிறார் என்று முடிவு கட்டினேன். இரண்டு காதையும் கொடுத்த பிறகுதான் எதிரில் பெர்க்மான்ஸ் ராயன் இருப்பது தெரிந்தது. வாசகர்கள் இரண்டு பக்கமும் மாட்டிக்கொண்டு கேட்க வேண்டும். இந்தப் பெண்ணின் பெரிய திறமை விரலில் இல்லை. தன் வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தி, மற்றவர் முடிப்பதற்கு விட்டுவிடும் தைரியத்தில் இருக்கிறது. ராயன் தம்முடைய ‘துறைமுக விளக்கு’ ஆல்பத்தில் அற்புதமாக வாசிக்கிறார். ஆனால் அங்கே அவர் மட்டும்தான் பேசுகிறார், கூட இருப்பவர்கள் தலையாட்டுகிறார்கள். ‘வெயில் நிலைய’த்தில் அவருக்குக் கேள்விகள் கேட்கப்படுகின்றன. எழுபது வயதுக்கு மேல் ஒருவர் யோசித்துப் பதில் சொல்வதைக் கேட்பது பேரின்பம். ஐந்தாவது பாட்டு நீளம் அதிகம். முதியவர் விட மனமில்லாமல் சுற்றிச் சுற்றி வருகிறார், இளையவர் மரியாதைக்காகப் பொறுத்துக்கொள்கிறார். அந்த மரியாதையை அடுத்த ஆல்பத்தில் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம்.’

“மரியாதையைக் குறைத்துக்கொள்ளலாமா?” என்றார் ஆசிரியர்.

“ஆமாங்க. அப்பிடியே போடுங்க.”

“ராயன் சண்டைக்கு வருவாரு.”

“வரட்டுமுங்க.”

நடுவில் இவர் ஒரு டம்ளர் தண்ணீரைக் கொண்டுவந்து எனக்கு முன்னால் வைத்தார். தொண்டை காய்ந்திருந்தது. குடித்துவிட்டேன்.

போனை வைத்தேன். இவர் கதவோரம் நின்றார்.

“உனக்காகத்தான் சொல்லல மணி. ஊரு சிரிச்சா நீ தாங்க மாட்டே.”

“தெரியுமுங்க” என்றேன்.

கட்டின பூவை அண்டை வீட்டம்மாளிடம் கொடுத்தனுப்பினேன். சூரசம்ஹாரத்துக்கு மலைக்குப் போகவில்லை. மலையிலிருந்து வேட்டுச் சத்தம் கேட்டது. சூரன் தலை விழுந்திருக்கும்.

பூங்கொடியிடம் என்ன சொல்வேன்?

ஐப்பசி 11, செவ்வாய்

திருக்கல்யாணத்துக்குப் போனேன். கூட்டத்தில் பின்னால் நின்றேன். மாங்கல்யம் ஏறும்போது எல்லோரும் கையைத் தூக்கி வேண்டிக்கொண்டார்கள். நானும் தூக்கினேன். ஒன்றும் கேட்கவில்லை. ஒரு பகல் பொறுக்க முடியாதவளுக்குக் கேட்க என்ன முகம் இருக்கிறது.

காப்பை அவிழ்த்து ஆற்றில் விட வேண்டும். இன்னும் கையில்தான் இருக்கிறது.

ஐப்பசி 14, வெள்ளி

பூங்கொடி இரண்டு தடவை கூப்பிட்டாள். வேலையாக இருக்கிறேன் என்று இவரைச் சொல்லச் சொன்னேன். வேலை ஒன்றும் இல்லை.

ஐப்பசி 20, வியாழன்

இதழ் தபாலில் வந்தது. நான் சொன்னபடியே போட்டிருக்கிறார், ‘பேரின்பம்’ மட்டும் ‘பெரிய இன்பம்’ ஆகியிருக்கிறது. தலைப்பு: ‘இருவர் பேசும் வெயில்’.

இவர் நாற்காலியில் உட்கார்ந்து முழுவதையும் படித்தார். வீடு என்ற வரிக்கு வந்ததும் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார். மடித்து டி.வி. மேல் வைத்தார்.

மத்தியானம் தெரியாத எண்ணிலிருந்து போன்.

“துளசிமணி அம்மாங்களா? சாத்தூர்லருந்து தங்கமாரியப்பன் பேசுறேன். சேவுக்கடை. மீனா அப்பா.”

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. விரத நாளில்கூட அப்படி ஒட்டவில்லை.

“நீங்க எழுதுன மாதிரி ரெண்டு காதுலயும் மாட்டிக் கேட்டேம்மா. எனக்கு ஒண்ணும் வெளங்கல. ஏதோ பேசிக்கிறாக, அது மட்டுந் தெரியுது. அந்தப் பெரியவரு பெரிய ஆளாம்லா?”

“ரொம்பப் பெரிய ஆளுங்க.”

“அவரு எம்மககூட உக்காந்து அவ்வளவு நேரம் பேசியிருக்காரு. வீட்டுல நான் அவகூட அம்புட்டு நேரம் பேசுனதில்ல.” பின்னால் சேவு பொரிக்கிற இரைச்சல் கேட்டது. “நீங்க தப்பாக் கேட்டேன்னு அச்சுலயே போட்டுட்டீக. எங்கடையில எடை கொறையுதுன்னு ஒருத்தன் நேர்ல வந்து சொன்னாக்கூட நான் ஒத்துக்கிட மாட்டேன். அதான், அந்தம்மா பொய் சொல்லாதுன்னு பட்டுச்சு. சித்திரை வரைக்கும் பாருன்னு சொல்லியிருக்கேன். அப்பறம் பாக்கலாம்.”

“சித்திரைங்களா?”

“கொறச்சலா?”

“ரெண்டாவது ஆல்பம் பண்றதுக்கு ஒரு வருசமாச்சும் வேணுமுங்க.”

“நீங்களும் அவள மாதிரியே பேசுறீக” என்று சிரித்தார். “சேவு அனுப்புறேன், வெலாசம் கொடுங்க.” விலாசத்தைச் சொன்னேன்.

அந்தத் தெம்பில்தான் பூங்கொடியைக் கூப்பிட்டேன். இன்னும் தள்ளிப்போட்டால் சொல்லவே மாட்டேன் என்று தெரிந்தது.

“கண்ணு, அம்மா வேண்டுதலக் கெடுத்துட்டேன். முடியறதுக்கு ஒரு நாள் முன்னாடி வாயத் தொறந்து பேசிட்டேன்.”

“யார்கிட்ட?”

“எடிட்டர்கிட்ட. ஒரு பொண்ணு பியானோ வாசிச்சிருந்தா. அத நான் தப்பா எழுதிட்டேன். அவளுக்காகப் பேச வேண்டியதாப் போச்சு. நீ என்ன வேணா திட்டு.”

அவள் திட்டவில்லை. “அதுக்குத்தான் இத்தன நாளா போன எடுக்கலியா?” என்றாள்.

“என்ன மொகத்தோட எடுக்கறது? உனக்காக இருந்த விரதம்.”

“அம்மா, நாங்க ஆடி மாசமே முடிவு பண்ணிட்டோம். ஆஸ்பத்திரி போதும். கொழந்தை வேணும்னு இனி எங்கயும் போறதில்ல. நாங்க ரெண்டு பேரும் நல்லாத்தான் இருக்கறோம்.”

“எங்கிட்டச் சொல்லவே இல்லையே!”

“சொன்னேன்.”

“எப்ப?”

“அவிநாசிக் கல்யாணத்துக்கு வந்தப்ப ஒரு தடவ. அப்பறம் போன்ல ஒரு தடவ. நீ ‘ம்’னு சொன்னே. அப்பறம், கொண்டக்கடலைக்கு நீ எத்தன விசில் விடறேன்னு கேட்டே.”

எனக்கு ஞாபகம் இல்லை. கொண்டைக்கடலை ஞாபகம் இருக்கிறது.

ஹாலிலிருந்து இவர் ஏதோ கேட்டார். நான் எழுந்துபோய் அறைக்கதவைச் சாத்திவிட்டு வந்து, கட்டிலில் காலை மடக்கி உட்கார்ந்தேன்.

“மொதல்லேர்ந்து சொல்லு கண்ணு.”

“இப்பவா? அப்பாவுக்குக் காபி?”

“நீ சொல்லு.”

அந்தப் பக்கம் அவளும் எங்கோ போய்க் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. கடைசியாக ஆஸ்பத்திரிக்குப் போன அன்று ஓசூரில் மழையாம். ஆட்டோ கிடைக்கவில்லையாம். அதிலிருந்து ஆரம்பித்தாள்.